ஒழுங்கீனமானவன் துணி உலர்த்துகிறான்

மார்ச் 4
சஸ்பெண்ட் செய்து வீட்டில் உட்கார வைக்கப்பட்டுப் பன்னிரண்டாவது நாள். பள்ளி நிர்வாகியின் மகன் கணக்கில் வாங்கியது பத்தொன்பது. தலைமை ஆசிரியர் பேனாவை எடுத்து நாற்பத்தொன்பது ஆக்கினார். ஏன் என்று எழுதிக் கேட்டேன். ஒழுங்கீனமாம். பதினேழு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஒழுங்கீனமானவன், திருத்தியவர் ஒழுக்கசீலர்.

மச்சான் போன். "சின்னச் சின்ன விஷயத்துல சந்தோஷத்தத் தேடுங்க மாப்ள." முடியைத் தவிர வாழ்க்கையில் எதையும் இழக்காதவர்.

மார்ச் 5
மச்சான் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஆற்றங்கரையில் ஒருவன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வேலை வெட்டி இல்லையா? எனக்குத்தான் இல்லை. அழித்துவிட்டேன்.

மார்ச் 9
மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். நர்சுகளுக்கு ஏது ஞாயிறு. துணி துவைப்பது இப்போது என் வேலை. மொட்டைமாடியில் போர்வையை உதறிக் கொடியில் போட்டேன். காற்றில் ஈரத்தோடு முகத்தில் வந்து அறைந்தது. குளிர்ச்சி. இன்னொரு முறை அறையட்டும் என்று அங்கேயே நின்றேன். அரை மணி நேரம் தலைமை ஆசிரியரின் மூஞ்சி ஞாபகத்துக்கு வரவில்லை. அது உறைத்ததும் எரிச்சல். மச்சான் சொன்னது சரியாகிவிடுமே!

மார்ச் 14
பச்சைப் பட்டாணி உரித்தேன். ஒரு கிலோ. நன்றாக இருந்தது. யாரிடமும் சொல்வதாக இல்லை.

மார்ச் 20
விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், மூவருக்கும் ஒரே முகம். சாட்சி சொல்ல இயற்பியல் ஆசிரியன் வந்தான். நான் வைத்த பெயர் தராசு. எப்போதும் எடை கூடின பக்கம் சாய்வான். பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலி. திருத்திய பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவன். அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "சார் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுவார்" என்றான். முதுகெலும்பை வீட்டில் மடித்து வைத்துவிட்டு வந்திருப்பான்.

ஆனால்... அவன் சொன்னது பொய்யில்லையே. அதுதான் குத்துகிறது.

மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாமாம். இரண்டு நாள் கேட்டேன்.

மார்ச் 21
மனைவியிடம் காட்டினேன். வாளித் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு படித்தாள். "போட்டுட்டு வந்தா, அந்தப் பொருமல இங்கதான் கொண்டு வந்து கொட்டுவீங்க. எனக்கு வேண்டாம்" என்றாள்.

மார்ச் 22
கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி, நானும்தான்.

மார்ச் 27
தராசு வீட்டுக்கு வந்தான். நேரே மாடிக்கே வந்துவிட்டான். குளியலறையில் ஒரு வாரமாகத் தீட்டி வைத்திருந்த வசவுகள் நாக்கு நுனியில் இருந்தன. "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார்" என்றான். கண் கலங்கி நின்றான். பிறகு நான் பிடித்திருந்த போர்வையின் மறுமுனையை எடுத்துக்கொண்டான். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினோம். பிழியக்கூடத் தெரியவில்லை அவனுக்கு. அப்படி இல்லை, இப்படி என்று காட்டினேன். வசவுகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஏப்ரல் 3
மதியம் தபால் வந்தது. பணிநீக்கம். நான்கு வரிக் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழை. முன்னறையில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து வெறுந்தரையில் படுத்தேன். தூங்கிவிட்டேன்; இந்த வருடத்தில் இப்படித் தூங்கியதில்லை.

மனைவி வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மடித்து வைத்தாள். "நாளைக்கு எனக்கு லீவு" என்றாள்.

"எனக்கும்" என்றேன்.

முதலில் அவள்தான் சிரித்தாள்.