வேனுக்குள் ஒரே கம்ப்யூட்டர்

இடைசெவல்
12.11.2025

அன்புத் தங்கை பாமாவுக்கு,

மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கூரியர்.

திங்கட்கிழமை காலை தீப்பெட்டி ஆலைக்குப் பதினாறு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு டிராக்டர் கரிசல் சேற்றோடு திடீரென்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிட்டது, பாட்டும் நின்றது. ஒரு கணம் கழித்துத்தான் பிரேக் பிடித்தது. வேனில் இருந்த சீனித்தாய் அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தலையில் ஒன்பது தையல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

"ஏலே, தூங்கிட்டுத்தான ஓட்டுன? ஒத்துக்கோ" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

அந்த மின்சார வேனின் கம்ப்யூட்டரைச் செய்தவர்களில் நீயும் ஒருத்தி. ஆயுத பூஜைக்கு வந்தபோது, கேமராவில் முகம் பார்த்து ஆலை வருகையைப் பதிகிற புரோகிராமையும் அதிலேயே ஏற்றிக் கொடுத்தாய். கேட்டில் வரிசை நிற்க வேண்டாம் என்று பெண்களுக்கும் சந்தோஷம். அதனால் ஏதும் ஆகியிருக்குமா? நீ சொன்னால் நம்புவேன்.

உன் அண்ணன்
ஜெயபாண்டி

புனே
15.11.2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும். பிரேக், பாட்டு, கேமரா எல்லாம் இப்போது ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. தனித்தனிப் பெட்டி வைத்த காலம் போய்விட்டது. ஆனால் பிரேக்குக்குத்தான் முதலிடம்.

நீ அனுப்பிய கடம்பூர் போளியை ஆபீஸில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். முந்தின நாள் சரியாகத் தூங்கினாயா என்று யோசித்துப் பார்.

அன்புடன்
சத்தியபாமா

இடைசெவல்
19.11.2025

பாமா,

நான் வருகைப் பதிவைப் பற்றிக் கேட்டேன். நீ போளியைப் பற்றி எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலும் தப்புச் செய்தால் இப்படித்தான் பேச்சை மாற்றுவாய். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கண் அசந்தேன் என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன். என் லைசென்ஸ் போகட்டும், உன் வேலை இருக்கட்டும். ஆனால் மாரிச்செல்வி ஓட்டுகிற வேனிலும் நீ அதை ஏற்றியிருக்கிறாய். வண்டியை எடுக்காதே என்று அவளிடம் சொன்னேன். "நீங்க தூங்குனதுக்கு என் வண்டிய ஏன் அண்ணாச்சி குறை சொல்லுதீய?" என்று கேட்கிறாள். நாளைக்கும் அதில் பெண்கள் ஏறுவார்கள்.

ஜெயபாண்டி

புனே
21.11.2025

அண்ணா,

கையெழுத்துப் போடாதே. மாரிச்செல்வியிடம் போனில் பேசி வண்டியை நிறுத்திவிட்டேன். உன்னைக் கூப்பிடத்தான் தைரியம் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் எதற்கு எவ்வளவு நேரம் என்று முன்பே பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். நான் ஏற்றியது அதற்கு வெளியே. பதினாறு முகங்களையும் ஒரே சமயத்தில் பார்க்கத் தொடங்கியதும் பிரேக் காத்து நின்றிருக்கிறது. கம்பெனிக்கு ஒரு வரி புரோகிராம் சேர்த்தாலும் மாதக்கணக்கில் சோதிப்பேன். இது அண்ணனுக்குத்தானே என்று ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் எழுதி மேலாளருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பிவிட்டேன். கம்பெனியில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்குவேன். அழைக்க வர வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் சீனித்தாய் அக்காவிடம் நானே சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ வா என்றால் வீட்டுக்கு வருகிறேன்.

பாமா