கம்பெனி மாடியில் ஒரு நிழல்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஆம்பூரின் டிரோன் படங்கள் வந்துவிட்டன. எந்தக் கூரையில் எவ்வளவு வெயில், எங்கே நிழல் என்று கணினி வரைபடத்தில் குறிக்க வேண்டும். சோலார் பேனல் எங்கே என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். ஊரிலேயே நல்ல கூரை ரேவதி வேலை செய்யும் ஷூ கம்பெனியுடையது. மனைவியின் கம்பெனி முதலிடம். காரணமில்லாமல் ஒரு பெருமை.

மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஏதோ நிறப் புள்ளிகள். பெரிதாக்கினேன். பெண்கள், வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் மஞ்சள் துப்பட்டா, தீபாவளிக்கு நான் வாங்கியது. அண்ணாந்து டிரோனைப் பார்க்கிறாள். முகம் தெளிவில்லை. கழுத்தைச் சாய்த்திருக்கும் விதம் அவளேதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிவிட்டது.

மார்ச் 5, புதன்
வீட்டில் படத்தைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், முகம் மாறிவிட்டது. மாடிக்குப் போகக் கூடாதாம், கைப்பிடிச் சுவர் தாழ்வு. வாட்ச்மேன்தான் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார். கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குத் தகரக் கூரை. வெக்கை, பசை நாற்றம்.

"இத மேனேஜர் பாத்தா பூட்டு போட்ருவாரு. அது ஒண்ணுதாங்க எங்களுக்குக் காத்து."

படத்தை மறைத்தாலும் பேனல் வந்து அந்த இடத்தை மூடிவிடும். விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டால் இவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு பேருக்கும்.

மார்ச் 7, வெள்ளி
தயிர். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. மறக்கக் கூடாது.

ரேவதி பக்கத்து மிஷின் ஷமீமிடம் பேசி, ஷமீம் மற்றவர்களிடம் பேசி, முடிவு: படத்தைக் காட்டலாம்.

"நாங்களே பேசிக்கிறோம். பேனல ஒயரமா போட முடியுமா, அத மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கால் நிறுத்திப் போடலாம், கீழே நிழல். செலவு ஜாஸ்தி. ஆபீசில் மேடம் யோசித்துவிட்டு, வரைந்து கொண்டுவரச் சொன்னார்.

மார்ச் 10, திங்கள்
கம்பெனியில் கூட்டம். மேனேஜர் படத்தை உற்றுப் பார்த்தார். யார் இவர்கள் என்றார். வெளியே காத்திருந்த ரேவதியும் ஷமீமும் உள்ளே வந்தார்கள். ரேவதி என்னைப் பார்க்கவே இல்லை.

"நாங்கதான் சார். கீழ வெக்கை தாங்க முடியல. ஒயரமா போட்டா உங்களுக்கு கரண்டு, எங்களுக்கு நிழலு."

குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை. 

மேனேஜர் திட்டவில்லை. யாராவது விழுந்திருந்தால் அவள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். அந்த வீடு என் வீடு. அவர் கேட்டதும் நியாயம்தான். உடனே மாடிக்குப் பூட்டு. மற்றது முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறாராம்.

பஸ்ஸில் சேர்ந்து திரும்பினோம். அவள் கை சில்லிட்டிருந்தது. வீடு வரை விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி
முதலாளி சம்மதம். தொட்டிப் பக்கம் உயரமாக, மீதி தாழ்வாக. சுற்றிக் கம்பித் தடுப்பு. அதுவரை பூட்டுதான். ரேவதி தகரக் கூரையின் கீழே வெந்து, தலைவலியோடு வருகிறாள். தைலம் தேய்த்துவிட்டேன். படத்தைக் காட்டாமலே இருந்திருக்கலாமோ என்றேன்.

"பேஜார்தான். ஆனா கேட்டோம்ல."

ஜூன் 12, வியாழன்
அனல். பேனல் வரைபடப்படி வந்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி மாடிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். உயரப் பேனலின் கீழே எல்லோரும். நான் அளக்கும் டேப்போடு இந்தப் பக்கம், யாரோ போல. கம்பெனிக்குள் நானும் ரேவதியும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ரேவதி டிபன் பாக்ஸை நகர்த்தினாள்.

"ஏங்க, வெயில்ல நிக்காதீங்க. இங்க வந்து ஒக்காருங்க."

எல்லோருக்கும் கேட்டது. ஷமீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். போய் உட்கார்ந்தேன். நல்ல காற்று.