பனங்கிழங்கைத் தோண்டியது பன்றி இல்லை, பாவா

பாசமுள்ள பாவாவுக்கு,

உங்க வீட்டுக்காரி, எங்கக்கா நல்லா இருக்கா. அதை முதல்ல சொல்லிடறேன். வேளைக்கு மாத்திரை போடறா, சாப்பிடறா. நான்தான் உங்க போட்டோ இருக்கிற பக்கம் திரும்பாம உங்க வீட்டுக்குப் போய் வந்துகினு இருக்கேன். போன தை மாசத்துலேர்ந்து இப்படித்தான்.

நீங்க போன வருஷம் ஐப்பசியில போய்ச் சேர்ந்தீங்க. அதுக்கு முன்னாடி, ஆவணியில, பள்ளிப்பட்டு ரோட்டு நிலத்துல ஏரிக்கரையை ஒட்டி வரிசையா பனங்கொட்டை வெச்சீங்க. அரக்கோணத்துல வேலை முடிஞ்சு ரயில்ல வரும்போது பையில பனம்பழம் இருக்கும். அந்த வாசனைக்குப் பெட்டியே திரும்பிப் பார்க்கும். கொட்டை வெச்சது எனக்குத் தெரியும். எதுக்கு வெச்சீங்கன்னுதான் நான் கேட்கவே இல்லை.

பொங்கல் வந்தது. துக்க வீடு, அக்கா பானை ஏத்தமாட்டா. வெறுங்கையோட எப்படிப் போறது? உங்க கையால வெச்ச கிழங்கை அவ சாப்பிடட்டுமேன்னு தோணுச்சு. கோயில் மலையடிவாரத்துல இருக்கிற என் பூஜைச் சாமான் கடையைச் சாத்திட்டு, கடப்பாரையை வண்டியில கட்டிகினு போனேன்.

ஒவ்வொரு கொட்டை பக்கத்துலயும் ஒரு வேப்பங்குச்சி நட்டு வெச்சிருந்தீங்க. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நடக்க வேண்டியிருந்தது. கிழங்குக்குன்னா ஒரே இடத்துல நெருக்கமா கொட்டி மண்ணு மூடுவாங்க. ‘இந்த மனுஷன் எதுக்கு இவ்ளோ தள்ளித் தள்ளி வெச்சார்’னு முணுமுணுத்துகினே தோண்டினேன். கேள்வி வாயில வந்துச்சே பாவா, அங்கேயே நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா நான்?

மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, தூக்குல எடுத்துகினு போனேன். அக்கா மூடியைத் திறந்து பார்த்தா.

“எங்கடா தோண்டின?”

“நம்ம கரையோரம்தான்க்கா. பாவா வெச்சது.”

“எல்லாத்தையுமா?”

“ஆங்.”

அவ தூக்கைக் கீழே வெச்சா. அப்புறம் சொன்னா: “அது மரமாவறதுக்கு வெச்சதுடா. மழைக்குக் கரை சரியுதுன்னு சொல்லிகினே இருந்தார். யாரும் தெரியாம மிதிக்கக் கூடாதுன்னுதான் குச்சி நட்டார்.”

திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரிச்சு, நடுவுல பிளந்து, பாதியை என் கையில வெச்சா. மீதியை நார் கிழிச்சுக் கிழிச்சு மெதுவா தின்னு முடிச்சா. நானும் என் பாதியைத் தின்னேன்.

வீட்டுல அவிக்காம கொஞ்சம் மீந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அதே குழிங்கள்ல திரும்ப நட்டேன், பாவா. யாராவது பார்க்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துகினே நட்டேன். தண்ணி ஊத்தினேன். ஒண்ணும் பிடிக்கலை. கிழங்கை ஒரு தடவை எடுத்துட்டா அவ்ளோதானாம். எனக்கு அதுவும் தெரியலை.

அதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. மாசியில, உங்க பக்கத்து நிலத்து முனுசாமி அண்ணன் கடைக்கு வந்தார். “காட்டுப்பன்னி பூந்து உங்க பாவா வெச்சதெல்லாம் நோண்டிடுச்சாமே. உங்கக்கா சொல்லுச்சு. மனசு கேக்கலப்பா”ன்னார். அக்கா என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்லியிருக்கா. நான் கற்பூரப் பொட்டலம் கட்டிகினே “ஆமாண்ணா”ன்னேன். ஒரு பன்னி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன், பாவா.

இந்த ஆவணியில நானும் அக்காவும் பனம்பழம் பொறுக்கினோம். ஊறவெச்சு, சதையைச் சுரண்டி, கொட்டையைக் கழுவினோம். மழை பெஞ்ச ஈரத்துல அரையடிக் குழி வெட்டினேன். அக்கா கொட்டையோட கண்ணு கீழே பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா வெச்சுகினே வந்தா. இந்தத் தடவை எவ்ளோ தள்ளி வெக்கணும்னு அவளைக் கேட்டேன்.

முனுசாமி அண்ணன் ஒரு கட்டு வேலிமுள்ளைச் சுமந்துகினு வந்தார். வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. “பன்னி வராம சுத்திப் போட்டுடலாம்”ன்னார்.

அக்கா என்னைப் பார்க்கலை. மண்ணையே பார்த்துகினு இருந்தா.

“பன்னி இல்லண்ணா. நான்தான் தோண்டினேன். கிழங்குன்னு அவிச்சும் தின்னோம்.”

அவர் முள்ளுக் கட்டை இறக்கி வெச்சார். என்னை மேலேர்ந்து கீழ பார்த்தார். “அப்போ இந்த முள்ளு பத்தாது”ன்னார். முள்ளைப் பிரிச்சுப் பரப்ப ஆரம்பிச்சார்.

“மண்ணை மூடுடா”ன்னா அக்கா. குரல்ல கோபம் இல்லை. எனக்குத்தான் காது வரைக்கும் எரிஞ்சது.

இப்போ கார்த்திகை. மேலே ஒண்ணும் தெரியலை. உள்ளே இறங்கிகினு இருக்கும்னு அக்கா சொல்றா. நீங்களும் முளை பார்க்காமலேதானே போனீங்க? தோண்டிப் பார்க்கக் கை பரபரங்குது. பார்க்கமாட்டேன்.

குருத்து வெளியே வர்ற அன்னிக்கு அக்காவை வண்டியில உட்காரவெச்சுக் கூட்டிகினு போறேன், பாவா. அவ முதல்ல போய்ப் பார்க்கட்டும். நான் ரோட்டுலயே நிக்கறேன். அவ கூப்பிட்டா மட்டும் வரேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரியோட தம்பி,
உங்க மச்சான்.