மூன்றாவது லாக்

கால்வாய்க் கரை, பிரான்ஸ்டன்
நவம்பர் 9, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஃபிலிப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வழக்கமாக அம்மா எழுதுவாள், நான் அடியில் பெயர் மட்டும் போடுவேன். இன்று பேனாவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பயப்படாதே, இருவரும் நலம். என் முழங்கால் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய கதவு மாதிரி முனகுகிறது. பெர்கனில் இரண்டு வாரமாக வெயிலே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். வானம் படகுக் கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

நாளை முதல் பழுதுபார்ப்புக்காக தண்ணீரை வடித்துப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் இங்குள்ள ஆறு லாக் தொட்டிகளையும் மூடுகிறார்கள். அதற்குள் எங்கள் படகு வீட்டைக் கீழே கொண்டுபோகாவிட்டால், குளிர்காலம் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கூட இல்லாத மேட்டில் கிடக்க வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் மதகுகளைத் திறக்க முடியாது. உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டங்கனுக்குப் போன் செய்துவிட்டாள். இன்று காலை எட்டு மணிக்கு மழைக்கோட்டோடு கரையில் நிற்கிறான் உன் கணவன். "வர முடியாதுன்னு நான் சொன்னா நீங்களே ஏறி இறங்கப் பாப்பீங்கன்னு மேவிஸ் சொன்னாங்க, கிளெமென்ட்" என்றான். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

முதல் இரண்டு லாக்கும் கடந்தோம். நான் பின்பக்கம் நின்று சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தூறலில் கரையோடு நடந்து, கதவுகளைத் தள்ளி, இரும்புச் சாவியால் மதகுகளைச் சுழற்றித் திறந்தான். அம்மா உள்ளே பட்டாணி சூப் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது லாக்கில் அவன் கை வழுக்கிச் சாவி கீழே விழுந்தது. அதற்காகவே காத்திருந்தவன் போல நான் கத்தினேன்: "உனக்கு எதைத்தான் கெட்டியாப் புடிச்சு வெச்சுக்கத் தெரியும்?" சாவியைப் பற்றி நான் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரியும். குனிந்து எடுத்துக்கொண்டு, கீழ்மதகுகளைத் திறந்தான். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. சொன்னது போதாது என்று அடுத்த குத்தலை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். படகு மெல்லப் பின்னால் நகர்வதை நான் கவனிக்கவில்லை.

மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க முன்பக்கம் தாழ்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தமும் அம்மாவின் அலறலும் கேட்டன. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முன்பக்கம் முழுகியிருக்கும், ஃபிலிப்பா. அம்மா உள்ளே இருந்தாள். நான் சுக்கான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன்.

டங்கன் கத்தவில்லை. இந்தக் கரையிலிருந்த கீழ்மதகை மூடினான். கதவின் மேலிருந்த ஈரப் பலகையில் ஓடி மறுகரைக்குப் போய் அங்கிருந்த மதகையும் மூடினான். பிறகு மேல்மதகுக்கு ஓடி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உள்ளே விட்டான். படகு ஒரு குலுக்கலோடு கல்லை விட்டு எழும்பி மிதந்தது. அவ்வளவு நேரமும் அவன் முகத்தில் ஓர் அசைவு இல்லை. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில், குழந்தை பிழைக்கவில்லை என்று டாக்டர் சொன்னபோது அவன் அப்படித்தான் நின்றான். பிறகு உன் கோட்டை எடுத்து வந்தான், காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவனோடு எப்படி வாழ்வாய் என்று உன்னிடம் கேட்டவன் நான். அவனை விட்டுவிட்டு நார்வேயில் அந்தப் பெர்கன் வேலையை ஒப்புக்கொள் என்றவனும் நான்தான்.

இன்று படகு மிதந்த பிறகு அவன் கதவுக் கட்டையில் உட்கார்ந்தான். கைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டான்.

அம்மா தலையை நீட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். "மதகை நான்தான் வேகமாத் திறந்துட்டேன், மேவிஸ். மன்னிச்சுக்குங்க" என்றான் அவன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அடுத்த மூன்று லாக்கும் அப்படியே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், பின்னாடி பாக்கத் தெரியலையா?" என்று அம்மா என்னைக் கிழித்துப் போட்டாள். டங்கன் சிரித்துவிட்டான். நானும்.

எஞ்சியிருந்த சூப்பைக் குடித்தோம். பாதி தரையில் போய்விட்டது. போகும்போது அவன் உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டான்: "பிப் இப்பல்லாம் தூங்குறாளா?" தெரியாது என்றேன். பெற்றவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. அவன் தலையாட்டிவிட்டு மழையில் நடந்து போனான்.

போ என்று சொன்ன வாயால் வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உன் முடிவு உன்னுடையது. ஆனால் நான் உன்னிடம் சொன்னது தப்பு. அதை மட்டும் உன் மனதிலிருந்து எடுத்துவிடு, மகளே. வேளைக்குச் சாப்பிடு, கதகதப்பாக இரு. நீ தூங்குகிறாயா என்று எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா
கிளெமென்ட்

பி.கு.: டங்கன் வீடு மாறியிருக்கிறான். புது விலாசத்தை அம்மா உறையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். கையெழுத்து புரியாமல் போய்விடக் கூடாதென்று, அதன் கீழே நானும் ஒரு முறை எழுதியிருக்கிறேன்.