மைனஸ் வயர்

ஞாயிறு இரவு

வாராவாரம் சர்ச்சில் பூசை முடிந்து வந்து வீட்டுக்காரருடைய பைக்கை ஸ்டார்ட் செய்து வைப்பேன். இன்று பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது. காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யக் கிக்கரும் இல்லாத வண்டி.

எதிர்வீட்டு செல்வம் அண்ணன் வந்தார். "செகண்ட் கியர் போட்டு கிளட்ச்ச புடிச்சுக்கோம்மா. நான் தள்றேன். சொன்னதும் விட்டுடு."

விட்டேன். ஒரு உதறு உதறிவிட்டு ஓடத் தொடங்கியது. சார்ஜ் ஏறட்டும் என்று அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தேன். கல்யாணமான புதிதில் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த ரோடு. அப்போது பின்னால் உட்கார்ந்து என் தோளை அழுத்திப் பிடித்திருப்பார்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து பேசினார். பெருமையாகச் சொன்னேன். சிரித்தார்.

"பேட்டரியில மைனஸ் வயர கழட்டி விட்டுடு ஸ்டெல்லா. ரொம்ப நாள் நிக்கிற வண்டிக்கு அதான் நல்லது, சார்ஜ் இறங்காது."

"ஏங்க, கிறிஸ்மஸுக்கு வந்துடுவீங்கல்ல?"



"ஸ்பேனர் டிவி ஸ்டாண்டுக்கு அடியில இருக்கு பாரு," என்றார்.

ஸ்பேனர் அங்கேதான் இருந்தது. நான் தொடவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு அந்த பைக்கிலேயே போகப் போகிறேன். வண்டி நின்றால்தானே வயரைக் கழற்ற வேண்டும்.