உங்கள் பெயரில் ஒரு திரை

சாந்தோம், சென்னை
3 நவம்பர் 2025

அன்புள்ள லிண்டா அப்பாவுக்கு,

மாதா உங்களைக் கண் போலக் காக்கட்டும் என்ற ஜெபத்தோடு அல்போன்சா எழுதுவது.

சனிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். கட்டிலில் உங்கள் அம்மா. எதிர் வீட்டு ஜொவிட்டா அக்கா. தி. நகரில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா. அவர் மனைவி. கடைசியாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்ற உங்கள் தம்பி லாய்ட். லிண்டா இன்னும் காலேஜிலிருந்து வரவில்லை. வேறு ஆள் கிடையாது. "யாரோ ஒரு ஆம்பிளை வந்து உக்காந்திருந்தான்" என்று உங்களுக்குப் போன் செய்த லாய்ட், மீதிப் பேரை எங்கே விட்டாரோ.

கோயில் பீடத் துணிக்கு நான் லேஸ் வாங்குவது பாஷா கடையில்தான். அவரிடம் கணக்கு எழுதியவர் நின்றுவிட்டார். என் வீட்டுக் கணக்கைப் பார்த்திருக்கும் ஜொவிட்டா அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பில்களைக் கொடுத்துவிட்டால் வீட்டிலிருந்தே நம் கம்ப்யூட்டரில் எழுதலாம். அது ஓடாமல் கிடந்ததல்லவா, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவை வீடியோ பார்த்து நானே போட்டுவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது.

லாய்ட் கேட்டார், "இன்னா அண்ணி, வூட்டுலயே கடை போட்டுக்கினு கீறீங்களா?"

பாஷா சிரித்துக்கொண்டே, "பில்லு குடுக்க வந்தேம்பா, பொண்ணு பாக்க வரல. பொஞ்சாதி பக்கத்துல குந்திக்கினு கீறா பாரு" என்றார். உங்கள் அம்மாவே சிரித்துவிட்டார்.

போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால் மெயிலில் எழுதினேன். இதையாவது முழுதாகப் படியுங்கள்.

என்றும் உங்கள்
அல்போன்சா

மஸ்கட்
5 நவம்பர் 2025

அல்போன்சாவுக்கு,

சுகம். சம்பாதிக்க நான் இருக்கிறேன். எவனோ ஒரு கடைக்காரனுக்கு என் மனைவி கணக்கு எழுத வேண்டிய நிலை வரவில்லை. அம்மாவைக் கவனி, போதும்.

என் ஆபீஸில் ஸ்ரீவத்சன் ஒரு வழி சொன்னான். ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டால் இங்கே பிரவுசரைத் திறந்தாலே நம் வீட்டுக் கம்ப்யூட்டர் தெரியுமாம். அதில் என்ன நடக்கிறதென்று நான் பார்க்க வேண்டும். உனக்கு அதெல்லாம் வராது. லாய்டைக் கூப்பிட்டுப் போடச் சொல்.

ஆம்ப்ரோஸ்

சாந்தோம்
9 நவம்பர் 2025

அன்புள்ள லிண்டா அப்பாவுக்கு,

காலைப் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்டதைப் போட்டாயிற்று. லாய்டைக் கூப்பிடவில்லை.

முதல் தரம் திறந்தபோது திரை கன்னங்கரேல் என்று நின்றது. ஒரு ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டியிருந்ததாம், நான் விட்டிருந்தேன். எழுதி, அணைத்துப் போட்டதும் வந்துவிட்டது. நீங்கள் வீட்டுக்குப் பெரியவர். கம்ப்யூட்டரில் நான் நுழையும் கணக்கிலேயே உங்களை ஒண்டவைப்பது மரியாதையாக இல்லை. அதனால் உங்கள் பெயரிலேயே தனிக் கணக்கு திறந்து, வேளாங்கண்ணி மாதா படமும் வைத்திருக்கிறேன். பின் நம்பர் உங்கள் பிறந்த தேதி.

பாஷாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒளித்து எதையும் செய்ய மாட்டேன். உங்கள் கண் முன்னாலேயே செய்கிறேன், நன்றாகப் பாருங்கள். பார்த்தும் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

என்றும் உங்கள்
அல்போன்சா

மஸ்கட்
8 டிசம்பர் 2025

அல்போன்சாவுக்கு,

வீறாப்பாக எழுதியிருந்தாய். ஆனால் ஒரு மாதமாகப் பார்க்கிறேன், மாதா படத்தைத் தவிர திரையில் ஒன்றும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டதில் சந்தோஷம். "என் வீட்டுக்காரி என் சொல்லைத் தாண்ட மாட்டாள்" என்று ஸ்ரீவத்சனிடம்கூடச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் இனி உனக்கு எதற்கு? லாய்ட் கேட்கிறான், கொடுத்துவிடு.

ஆம்ப்ரோஸ்

சாந்தோம்
10 டிசம்பர் 2025

லிண்டா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் முதலில் எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் நுழைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. மாதா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

தனிக் கணக்கு என்றால் தனித் திரையாம். என் பக்கம் நடப்பது அங்கே தெரியாதாம். மரியாதை என்று நினைத்து நான் செய்த தவறு அது. ஏமாற்று வேலை இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லும்படி இதில் எனக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் பார்க்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் உட்கார்ந்தேன். தலை வாரி, நல்ல புடவை கட்டி. "இன்னாடி, பொட்டி முன்னால சிங்காரிச்சுக்கினு குந்தினு கீறே, போட்டோ புடிக்குதா அது?" என்று அம்மா கேலி செய்தார். "சாப்பிட்டீர்களா? அம்மாவுக்கு இருமல் தேவலை" என்று பெரிய எழுத்தில் உங்களுக்காக அடித்து வைத்துவிட்டுத்தான் பாஷாவின் பில்லைத் தொடுவேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு, மனசு இளகி, விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். அப்படி ஒரு கணவரைக் கொடுத்ததற்காக முதல் வெள்ளிக்கிழமை நன்றிப் பூசைக்கு எழுதிக்கொடுத்தேன். சாமியார் உங்கள் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

அந்தக் கணவர் என் நினைப்பில்தான் இருந்தார் என்று இப்போது தெரிகிறது. அவரோடு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

என் திரையே உங்களுக்குத் தெரிகிற மாதிரி மாற்றும் வழியையும் படித்துவிட்டேன். மாற்ற மாட்டேன். சம்மதம் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். வேலையை விட மாட்டேன். கம்ப்யூட்டரை லாய்டுக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் கணக்கை அழிக்கவில்லை. மாதாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தால் திறந்து பாருங்கள், நல்லதுதான்.

சனிக்கிழமைகளில் கடைக்கு நேரில் வந்து சரக்கைச் சரிபார்க்க முடியுமா என்று பாஷா கேட்டிருந்தார். உங்கள் கண்ணில் படும்படி வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் இதுவரை மறுத்தேன். இந்தச் சனிக்கிழமை முதல் போகிறேன். மத்தியானம் வரை அம்மாவோடு யாராவது இருக்க வேண்டும். ஜொவிட்டா அக்காவுக்கு அன்று ஞானோபதேச வகுப்பு. லிண்டாவுக்குக் காலேஜ். லாய்டுக்கு லீவு, அவரும் அம்மா பெற்ற பிள்ளைதானே.

லாய்டிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

அல்போன்சா