நான் வயிறு குறைத்த நாற்பது நாள்

அடுப்பில் கொள்ளு வேகிறது. அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நம் பெரியவனுக்குத் தொப்பை கூடிவிட்டதாம். ராத்திரிச் சோற்றை நிறுத்து, கொள்ளு ரசம் குடி, காலையில் நட என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகள் வேக வைக்கிறாள். எனக்குத்தான் இந்த வாசனை வந்தால் இருந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். எழுத்து தெரியாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். பெரியவன் நாலு மாதக் கைக்குழந்தை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு உறையூர்ப் பக்கத்து நெல் மில்களில் பாய்லர் சுத்தம் செய்கிற வேலை. நெல் அவிக்கிற பாய்லருக்குள் தண்ணீரின் உப்பு கல்லாகப் படிந்துவிடும். நெருப்பை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாக ஆள் இறங்கி உளியால் கொத்தி எடுக்க வேண்டும். அந்த ஓட்டையில் உடம்பு நுழைந்தால்தான் பிழைப்பு.

கல்யாணமான இரண்டு வருஷத்தில், உன் கைச் சோற்றில், எனக்கு வேட்டி முடிச்சின்மேல் வயிறு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் பாதி இறங்கி நடுவில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் எண்ணெய் தடவி, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

“அடுத்து நீ எறங்க வேண்டிய பாய்லர் சித்திரையில. ஒண்ணரை மாசம் இருக்கு. அது வரைக்கும் வெளிய நின்னு கல்லை அள்ளிப் போடு. வயித்த எறக்கலேன்னா வேற ஆள வச்சுக்குவேன், கோச்சுக்காதப்பா.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ பதறவில்லை. “நான்தானே போட்டு வளத்தேன். நானே எறக்கறேன், விடுங்க” என்றாய்.

ஓட்டையின் சுற்றளவுக்கு ஒரு கயிறு அளந்து கொண்டுவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் குளித்து வந்ததும் அதை என் வயிற்றைச் சுற்றிப் பிடிப்பாய். முதல் வெள்ளி நாலு விரற்கடை எட்டவில்லை.

“மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. எனக்குத் தெரியாதா?”

“மூச்சு விட்டா வேலை போயிடும்டி.”

விடியும் முன்னே காவிரி மணலில் தண்டாலும் பஸ்கியும் எடுப்பேன். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கித் தூக்கி இறக்குவேன். அடிவயிறு நெருப்பாக எரியும். பிறகு பஸ்ஸை விட்டுவிட்டுப் பாலத்தின்மேல் நடந்தே உறையூர் போவேன், நடந்தே திரும்புவேன். காலையில் கேப்பங்கூழ். மதியம் ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறையக் கீரை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் கொள்ளு ரசம், அவ்வளவுதான். எனக்கு ஆசை வரக்கூடாது என்று பொழுது சாய்ந்தபின் நீ வேறெதுவும் அடுப்பில் ஏற்றவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ரசத்தைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

ஐந்தாவது வெள்ளி கயிற்றின் இரண்டு நுனியும் தொட்டன. நீ சிரித்தாய். உன் கன்னம் ஒட்டியிருந்தது. வெயில் காலம், பிள்ளைக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் பாய்லருக்குள் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கினேன். மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “எங்கடா போன? உள்ளதான் இருக்கியா?” என்று கத்தினார். அன்றைக்குப் பாலத்தில் நான் நடக்கவில்லை, ஓடினேன். உன்னிடம் சொல்ல வேண்டும்.

வாசலில் எதிர்வீட்டுச் செல்லம்மா அக்கா நம் பிள்ளையை மடியில் போட்டுச் சங்கில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நீ உள்ளே பாயில் கிடந்தாய். கிணற்றடியில் குடத்தோடு விழுந்துவிட்டாயாம்.

“வயிறு எறங்கிடுச்சா தம்பி?” என்று கேட்டாள் அக்கா.

“எறங்கிடுச்சுக்கா.”

“அவளுக்கும் எறங்கிடுச்சு. பாலே வத்திப்போச்சு. அவரு சாப்பிடாம நான் எப்படிக்கா சோத்துல கை வைக்கறதுன்னு நாப்பது நாளா ராத்திரிக்குப் பச்சத் தண்ணி. ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. ஒரே அறை. நான் படுத்த இடத்துக்கும் நீ படுத்த இடத்துக்கும் ஒரு கை தூரம்.

புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்பிள்ளை தனக்குத் தட்டு வைப்பாள். என் அம்மாவும் அப்படித்தான், உன் அம்மாவும் அப்படித்தான். புருஷன் உட்காரவே இல்லையென்றால் அவள் என்ன செய்வாள் என்று நான் யோசித்ததே இல்லை.

அக்கா வீட்டிலிருந்து சோறு வாங்கி வந்து பிசைந்து உன் முன்னால் வைத்தேன்.

“நீங்க?”

“நான் சாப்பிடப் போறதில்ல. நீ சாப்பிடு.”

“அதெப்படிங்க? யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“கதவச் சாத்திட்டேன்.”

நீ எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாய். நடுவில் ஒருமுறை உன் கை நின்றது. தட்டு காலியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படித்தான். நீ என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கூச்சமில்லாமல் சாப்பிட இரண்டு மழைக்காலம் ஆனது.

பால் திரும்ப ஊறவில்லை. பெரியவன் பசும்பாலில் வளர்ந்தான். அவனுக்கு இன்றைக்கு வரை காரணம் தெரியாது. நான் இன்னும் பதினோரு வருஷம் பாய்லருக்குள் இறங்கினேன். உள்ளே இருட்டில் உளியை ஓங்கும்போதெல்லாம், எந்த வயிற்றைக் காயப்போட்டு இந்த வயிறு உள்ளே வந்தது என்று தோன்றும். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மன்னித்துவிடு என்று உன்னிடம் நான் கேட்டதில்லை. நம் காலத்தில் புருஷன் கேட்கிற வார்த்தை இல்லை அது. இப்போது கேட்கிறேன்.

ராத்திரி என் தட்டில் மருமகள் சோற்றைப் போட்டதும், “நீ சாப்பிட்டியாம்மா?” என்கிறேன். “நீங்க சாப்பிடுங்க மாமா, நான் அப்பறம்” என்கிறாள். கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். “ஆறிப்போகுது மாமா” என்று முணுமுணுத்துவிட்டு அவளும் தட்டோடு வந்து உட்காருகிறாள். அவள் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது.